இம்போசிஷன் கற்றுத்தராத ஆங்கிலம்

ஆங்கில டிக்டேஷனில் ஒரு சொல்லைத் தவறாக எழுதினால் அதற்குத் தண்டனை இம்போசிஷன் என்பது நம் பள்ளிகளில் நெடுநாள் வழக்கம். 'ரிசீவ்' என்ற சொல்லில் 'ஈ'யும் 'ஐ'யும் இடம் மாறிவிட்டால், அதே சொல்லை ஐம்பது முறை எழுதிக்கொண்டு வர வேண்டும். பிள்ளைகள் அதை எழுதும் விதத்தைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு ஒன்று தெரியும். முதலில் மேலிருந்து கீழாக 'ஆர்' மட்டும் வரிசையாகப் போட்டுவிடுவார்கள். அப்புறம் அதை ஒட்டி 'ஈ', பிறகு 'சி'. ஏழாவது வரிசை முடியும்போது ஐம்பது சொற்களும் தயார். அந்தச் சொல்லை ஒருமுறைகூட முழுதாக நினைத்து எழுதியிருக்க மாட்டார்கள்.

பிள்ளைகளின் சோம்பலை இதற்குக் காரணமாகச் சொல்வது நியாயமல்ல. பார்த்து எழுதும் வேலையில் நினைவுக்குப் பங்கில்லை. நினைவு உழைக்காத பயிற்சி எத்தனை பக்கம் நீண்டாலும் எழுத்துக்கூட்டலோ சொல்லோ இலக்கணமோ மனத்தில் ஊன்றாது. அனுபவமுள்ள ஆசிரியர்கள் பலர் இதை உணர்ந்தே இருந்தார்கள். கடந்த இருபது ஆண்டுகளில் உளவியல் ஆய்வுகள் அதற்கு உறுதியான சான்று தந்திருக்கின்றன.

ஜெஃப்ரி கார்ப்பிக், ஹென்றி ரோடிகர் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் 2008-இல் 'சயின்ஸ்' இதழில் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். கல்லூரி மாணவர்களுக்கு 40 சுவாஹிலிச் சொற்களும் அவற்றின் ஆங்கிலப் பொருளும் கற்பிக்கப்பட்டன. ஒரு சொல்லுக்கு ஒருமுறை சரியாகப் பொருள் சொல்லிவிட்ட பிறகும் சிலரிடம் அதே சொல் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டது. மற்றவர்களிடம் அதற்குப் பின் கேட்கவே இல்லை. அவர்களில் ஒரு பகுதியினர் அந்தச் சொல்லைத் திரும்பத் திரும்பப் படிக்க மட்டும் செய்தார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது, தொடர்ந்து கேட்கப்பட்டவர்கள் ஏறத்தாழ 80 விழுக்காடு சொற்களை நினைவில் வைத்திருந்தார்கள். கேட்கப்படாதவர்களுக்கு மூன்றில் ஒரு பங்குதான் நினைவிருந்தது. கூடுதலாகப் படித்ததால் சொல்லத்தக்க பயன் எதுவும் இல்லை. இதில் கவலை தருவது இன்னொன்று: ஒரு வாரம் கழித்து எவ்வளவு நினைவிருக்கும் என்று முன்கூட்டிக் கேட்டபோது எல்லாக் குழுவினரும் கிட்டத்தட்டப் பாதி என்றே சொல்லியிருந்தார்கள். எந்த வழி தமக்கு உதவுகிறது என்பது படிப்பவருக்கே தெரியவில்லை.

அதே இருவரும் 2006-இல் உரைநடைப் பகுதிகளை வைத்துச் செய்த சோதனை, தேர்வுக்கு முந்தைய இரவுப் படிப்பின் மாயத்தை விளக்குகிறது. திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து 83 விழுக்காடு சொன்னார்கள். ஒருமுறை படித்துவிட்டு மூன்றுமுறை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் 71 விழுக்காடு. ஒரு வாரம் போனபின் நிலைமை தலைகீழானது. முதல் குழு 40, இரண்டாவது 61. மறுநாள் தேர்வுக்கு மனப்பாடம் போதும். ஒரு மொழியோடு வாழ அது போதாது.

ஆங்கில எழுத்துக்கூட்டல் ஏன் இவ்வளவு பாடுபடுத்துகிறது என்பதை மாணவருக்கு யாரும் சொல்வதில்லை. சொன்னால் பாதி அச்சம் போய்விடும். வில்லியம் காக்ஸ்டன் 1476-இல் வெஸ்ட்மின்ஸ்டரில் இங்கிலாந்தின் முதல் அச்சகத்தை நிறுவினார். சொற்களின் வடிவம் அச்சில் மெல்ல உறையத் தொடங்கிய அதே காலத்தில் ஆங்கிலத்தின் நெடில் உயிரொலிகள் ஒட்டுமொத்தமாக இடம் பெயர்ந்துகொண்டிருந்தன. ஒலி நகர்ந்தது, எழுத்து நின்றுவிட்டது. குதிரைவீரனைக் குறிக்கும் 'நைட்' என்ற சொல்லின் முன்னால் நிற்கும் 'கே'யும் நடுவில் வரும் 'ஜி-ஹெச்'சும் ஒரு காலத்தில் வாய்விட்டு ஒலிக்கப்பட்டவை.

போதாக்குறைக்குப் புலவர்களும் கை வைத்தார்கள். கடனைக் குறிக்கும் 'டெட்' பிரெஞ்சிலிருந்து வந்தபோது அதில் 'பி' இல்லை. லத்தீன் மூலச் சொல்லில் அந்த எழுத்து உண்டு என்று காட்டுவதற்காகப் பின்னாளில் நுழைத்தார்கள். தீவுக்கான 'ஐலண்ட்' லத்தீன் வழிச் சொல்லே அல்ல. வேறொரு சொல்லோடு உறவு இருப்பதாகத் தவறாக எண்ணி அதற்கு ஓர் 'எஸ்' கொடுத்துவிட்டார்கள். அந்தப் பிழையைத்தான் உலகம் முழுவதும் பிள்ளைகள் இன்று சரியான எழுத்தாகப் படிக்கிறார்கள். சீர்திருத்த முயற்சிகளும் நடந்தன. அமெரிக்காவில் நோவா வெப்ஸ்டர் 'கலர்' போன்ற சொற்களிலிருந்து 'யூ'வை நீக்கி வெற்றி கண்டார். 1906-இல் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் 300 சொற்களை எளிமையாக்கி அரசு அச்சகத்தில் பயன்படுத்த ஆணையிட்டார். நாடாளுமன்றம் எதிர்த்ததால் சில மாதங்களில் பின்வாங்கினார்.

இப்படியானால் எல்லாச் சொல்லையும் தனித்தனியே நெட்டுருப் போடுவதுதான் வழியா? இல்லை. 1966-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பால் ஹானாவும் குழுவினரும் 17,000-க்கு மேற்பட்ட ஆங்கிலச் சொற்களை எடுத்து, ஒலிக்கும் எழுத்துக்கும் உள்ள விதிகளை மட்டும் கணினிக்குக் கொடுத்து எழுதச் சொன்னார்கள். ஏறக்குறையப் பாதிச் சொற்களைக் கணினி சரியாக எழுதியது. இன்னும் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலானவற்றில் ஒரே ஒரு ஒலிதான் தவறியது. ஆகவே ஆங்கில எழுத்துக்கூட்டலில் விதி உண்டு, வரலாறும் உண்டு. இரண்டும் கலந்து கிடக்கின்றன, அவ்வளவுதான்.

இந்த உண்மையிலிருந்து பயிற்சிக்கு ஒரு வழி பிறக்கிறது. சொற்களைத் தனித்தனியாக விடாமல் குடும்பமாகச் சேர்க்க வேண்டும். கையெழுத்திடுவதைக் குறிக்கும் 'சைன்' என்ற சொல்லில் 'ஜி' ஊமை. 'சிக்னேச்சர்' என்னும்போது அது பேசுகிறது. 'பாம்' வெடிக்கும்போது கடைசி 'பி' கேட்பதில்லை. 'பம்பார்ட்' என்று நீளும்போது கேட்கிறது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டு எழுதும் மாணவனுக்கு ஊமை எழுத்து நினைவில் நிற்க ஒரு பிடிமானம் கிடைக்கிறது. 'சி'க்குப் பின் 'ஈ-ஐ' வரும் என்ற பிரபலமான சூத்திரத்தை மட்டும் அளவோடு நம்ப வேண்டும். 'சயின்ஸ்' என்ற சொல்லே அதை மீறுகிறது.

ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட பிள்ளைகளும் இங்கே தடுமாறுகிறார்கள் என்பதை நம் பெற்றோர் அறிவது நல்லது. ஃபிலிப் சீமூரும் குழுவினரும் 2003-இல் 13 ஐரோப்பிய மொழிகளில் முதல் வகுப்பு முடிக்கும் பிள்ளைகளின் வாசிப்பை ஒப்பிட்டார்கள். பழகிய சொற்களை ஃபின்லாந்து, ஜெர்மனி, கிரேக்கப் பிள்ளைகள் 98 விழுக்காடு சரியாகப் படித்தார்கள். ஆங்கிலம் படித்த ஸ்காட்லாந்துப் பிள்ளைகள் 34 விழுக்காடு. அவர்கள் மந்தமானவர்கள் என்று எவரும் முடிவு கட்டவில்லை. கற்கும் எழுத்துமுறையின் சிக்கல் அது.

தமிழ்ப் பிள்ளைக்கு இதற்கு மேல் ஒரு சுமை உண்டு. தமிழில் ஒரே 'ப'கரம் சொல்லின் முதலில் ஒருவிதமாகவும் மெல்லெழுத்துக்குப் பின் வேறுவிதமாகவும் ஒலிக்கும். இடம் பார்த்து வாய் தானாக மாறிக்கொள்ளும். ஆங்கிலத்திலோ அந்த இரண்டு ஒலிகளுக்கும் இரண்டு எழுத்துகள். அவற்றின் பெயர்களைத் தமிழில் எழுதினாலே இரண்டும் 'பி' ஆகிவிடுகின்றன. ஆகவே நான்கு கோடு நோட்டில் எழுத்தின் வளைவைப் பழக்குவதோடு நிற்காமல், 'பேட்', 'பிக்' போன்ற இணைச் சொற்களை வேறுபடுத்திச் சொல்லிக்காட்டி, காதால் கேட்டு எழுத வைப்பது தொடக்க வகுப்பில் தவிர்க்கக்கூடாத வேலை.

சொல்வளத்துக்கு வருவோம். இந்தத் துறையின் அடிப்படைச் சிந்தனைகளில் ஒன்று நம் துணைக்கண்டத்தில் பிறந்தது. இந்தியக் கல்விப் பணியில் இருந்த மைக்கேல் வெஸ்ட் டாக்காவில் வேலை பார்த்தபோது, வங்காள மாணவர்கள் ஆங்கிலப் பாடநூல்களோடு மல்லுக்கட்டுவதைக் கண்டார். புத்தகங்களில் புழங்காத பழஞ்சொற்கள் மலிந்திருந்தன. புதிய சொற்கள் மூச்சுவிட இடமில்லாமல் ஒன்றன்மேல் ஒன்றாக வந்தன. அடிக்கடி புழங்கும் சொற்களை முதலில் கொடுத்து, புதியவற்றை இடைவெளிவிட்டு, வந்த சொல்லே மறுபடி மறுபடி வரும்படி அவர் வாசிப்பு நூல்களை எழுதினார். 1953-இல் வெளியான அவருடைய பொதுப்பயன் சொற்பட்டியலில் ஏறத்தாழ 2,000 தலைச்சொற்கள் இருந்தன. சாதாரண ஆங்கில உரைநடையில் ஓடும் சொற்களில் சுமார் 80 விழுக்காடு இவற்றுக்குள் அடங்கிவிடும். நாவலையும் நாளிதழையும் துணையின்றிப் படிக்க 8,000 முதல் 9,000 சொற்குடும்பங்கள் வேண்டும் என்று நியூசிலாந்து மொழியியலாளர் பால் நேஷன் 2006-இல் கணக்கிட்டார். இரண்டு எண்களையும் சேர்த்துப் பார்த்தால் வரிசை தெளிவாகிறது. முதல் இரண்டாயிரத்தைக் கைவசமாக்காமல் அரிய சொற்களைத் துரத்துவது வீண் உழைப்பு.

நம் தேர்வுகளில் ஒருபொருட்சொல்லும் எதிர்ச்சொல்லும் நல்ல மதிப்பெண் தருகின்றன. கைடு வாங்கி உருப்போட்டால் கிடைத்துவிடும். ஆனால் ஒரு சொல்லின் பொருள் தெரிவதும் அதை வாக்கியத்தில் பொருத்தத் தெரிவதும் வேறுவேறு. தமிழில் தவறும் செய்கிறோம், வீட்டுப்பாடமும் செய்கிறோம். ஆங்கிலத்தில் தவறுக்கு 'மேக்', வீட்டுப்பாடத்துக்கு 'டூ'. ஒன்றைப் 'பற்றி' விவாதிக்கும் பழக்கத்தில் 'டிஸ்கஸ்' என்பதோடு 'அபவுட்' சேர்த்துவிடுகிறோம். ஆங்கிலத்தில் அது வேண்டாத ஒட்டு. இவற்றை அகராதியிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்ற வசதியைக் கொண்டுவந்தவர் ஏ. எஸ். ஹார்ன்பி. ஜப்பானில் ஆங்கில ஆசிரியராக இருந்தபோது மாணவர்களின் இடர்ப்பாட்டைக் கண்டு, ஒவ்வொரு வினையும் எந்த அமைப்பில் வரும், எந்தப் பெயர்ச்சொல்லை எண்ணலாம், எதை எண்ணக்கூடாது என்று குறித்துக்காட்டும் அகராதியைத் தொகுத்தார். 1942-இல் டோக்கியோவில் வெளிவந்த அந்த நூலே ஆக்ஸ்ஃபோர்டின் புகழ்பெற்ற கற்போர் அகராதியாக வளர்ந்தது. அந்த அகராதியை வாங்கி வைத்திருக்கும் பல வீடுகளில் பொருளை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். குறியீடுகளும் எடுத்துக்காட்டு வாக்கியங்களும்தான் அதில் கற்போருக்குரிய செல்வம்.

இலக்கணப் பயிற்சி என்றால் பிழையான வாக்கியத்தைக் கொடுத்துத் திருத்தச் சொல்வது என்ற வழக்கம் எங்கிருந்து வந்தது? 18-ஆம் நூற்றாண்டின் நடுவில் நியூகாசிலில் பள்ளி நடத்திய ஆன் ஃபிஷர் என்ற பெண்மணி எழுதிய இலக்கண நூலில் அது முக்கிய இடம் பெற்றது. மாணவர் திருத்துவதற்கென்றே வேண்டுமென்று தவறாக எழுதிய வாக்கியங்களை அவர் கொடுத்தார். அரை நூற்றாண்டு கழித்து அந்த வழியை உலகெங்கும் கொண்டுசென்றவர் லிண்ட்லி மர்ரே. பென்சில்வேனியாவில் பிறந்து நியூயார்க்கில் வழக்கறிஞராக இருந்து, பிறகு இங்கிலாந்தின் யார்க் நகருக்கு அருகே குடியேறியவர். உள்ளூர்ப் பெண்கள் பள்ளி ஒன்றின் ஆசிரியைகள் கேட்டுக்கொண்டதால் 1795-இல் இலக்கண நூலும், 1797-இல் பயிற்சி நூலும் அதற்கான விடைநூலும் வெளியிட்டார். விடைநூல் விற்கும் பழக்கத்துக்கு இருநூறு வயது கடந்துவிட்டது. 1935-இல் வெளிவந்த ரென்-மார்ட்டின் நூலும் இந்தக் கால்வழிதான். பி. சி. ரென் பம்பாய் மாகாணக் கல்வித்துறையில் பணியாற்றியவர். 'போ ஜெஸ்ட்' என்ற நாவலை எழுதியவரும் அவரே. தலைமுறை தலைமுறையாக இந்திய மாணவர்கள் அந்தச் சிவப்பு அட்டை நூலில்தான் ஆங்கிலத்தின் எலும்புக்கூட்டை அறிந்தார்கள். அதைக் குறைத்து மதிப்பிட முடியாது.

குறை வேறிடத்தில் இருக்கிறது. பயிற்சியின் தலைப்பிலேயே 'ஆர்ட்டிகிள்' என்று இருந்தால், கோடிட்ட இடத்தில் 'எ', 'ஆன்', 'த' மூன்றில் ஒன்றைத்தான் நிரப்ப வேண்டும் என்பது மாணவனுக்கு முன்பே தெரிந்துவிடுகிறது. சொந்தமாக ஒரு விடுப்புக் கடிதம் எழுதும்போது அங்கே ஒரு கோடு காத்திருக்கிறது என்று யாரும் சொல்வதில்லை. தமிழில் அந்த இடமே இல்லை. 'பையன் வந்தான்' என்பது நமக்கு முழு வாக்கியம். ஆகவே பயிற்சியில் பத்துக்குப் பத்து வாங்கியவன் கடிதத்தில் எல்லா ஆர்ட்டிகிளையும் விட்டுவிடுகிறான்.

இன்னொரு பிழை 'ஹி', 'ஷி' வரும்போது வினையில் சேர வேண்டிய 'எஸ்'. வந்தான், வந்தாள், வந்தது, வந்தார்கள் என்று இத்தனை விகுதிகளைச் சிந்தாமல் கையாளும் தமிழ்ப் பிள்ளை ஒற்றை 'எஸ்'ஸைத் தவறவிடுவது ஆசிரியருக்குக் கோபமூட்டுகிறது. ஆனால் ரோஜர் பிரவுன் 1973-இல் மூன்று அமெரிக்கக் குழந்தைகளின் பேச்சை ஆராய்ந்து 14 இலக்கண உருபுகளின் வரிசையைக் கண்டபோது, இந்த 'எஸ்' பத்தாவதாகத்தான் வந்தது. ஸ்பானிஷும் சீனமும் பேசும் பிள்ளைகள் ஆங்கிலம் கற்பதை ஆராய்ந்த டியூலே, பர்ட் இருவரும் 1974-இல் அது தாமதமாகவே கைவருவதைக் கண்டார்கள். விதி எளிது, பழக்கம் அரிது. இந்தப் பிழைக்காக ஒரு பிள்ளையை வகுப்பில் நிறுத்தி வைப்பது கொடுமை.

அதற்காக இலக்கணத்தைச் சொல்லித்தராமல் விட்டுவிடலாம் என்று பொருளல்ல. ஜான் நாரிஸ், லூர்தெஸ் ஒர்ட்டேகா இருவரும் 2000-இல் 49 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, விதியை வெளிப்படையாக விளக்கிக் கற்பிப்பது கூடுதல் பயன் தருகிறது என்று கண்டார்கள். எப்படித் திருத்துவது என்பதில்தான் சச்சரவு. மாணவரின் எழுத்தில் இலக்கணம் திருத்துவதே பயனற்றது என்று ஜான் டிரஸ்காட் 1996-இல் வாதிட்டார். ஜான் பிட்ச்னர் 2008-இல் நியூசிலாந்தில் செய்த ஆய்வு அதற்கு வலுவான மறுமொழி. 'எ', 'த' இரண்டின் குறிப்பிட்ட பயன்பாட்டை மட்டும் திருத்தி, மற்றவற்றை விட்டுவிட்டார். திருத்தம் பெற்ற மாணவர்கள் இரண்டு மாதம் கழித்தும் அந்த முன்னேற்றத்தைத் தக்கவைத்திருந்தார்கள். பக்கம் முழுக்கச் சிவப்பு மை கொட்டுவதைவிட, இந்த வாரம் ஒரே ஒரு பிழை என்று வட்டமிடுவது மேல்.

நிறுத்தற்குறிகளை மதிப்பெண் குறைந்த பகுதி என்று கடைசிக்குத் தள்ளிவிடுகிறோம். அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்தில் ஓக்ஹர்ஸ்ட் என்ற பால் நிறுவனத்தின் ஓட்டுநர்கள் மிகைநேர ஊதியம் கேட்டு வழக்குப் போட்டார்கள். எந்தெந்த வேலைக்கு மிகைநேர ஊதியம் இல்லை என்று மாநிலச் சட்டம் அடுக்கியிருந்த பட்டியலின் முடிவில், அனுப்புவதற்கோ விநியோகிப்பதற்கோ பொதி கட்டுதல் என்று பொருள்படும் தொடர் இருந்தது. 'அல்லது' என்பதற்கு முன் காற்புள்ளி இல்லை. விநியோகம் தனி வேலையா, பொதி கட்டுவதன் நோக்கங்களில் ஒன்றா? காற்புள்ளி இருந்திருந்தால் ஓட்டுநர்கள் தோற்றிருப்பார்கள். 2017 மார்ச்சில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த ஐயத்தை ஓட்டுநர்களுக்குச் சாதகமாகத் தீர்த்தது. அடுத்த ஆண்டு நிறுவனம் 50 லட்சம் டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது. தீர்ப்புக்குப் பின் மாநிலம் அந்தப் பட்டியலை அரைப்புள்ளிகளால் பிரித்துத் திருத்தி எழுதியது.

தமிழரின் காற்புள்ளிப் பிழைக்குக் காரணம் நம் வாக்கிய அமைப்பு. எழுந்து, குளித்து, சாப்பிட்டு, பஸ் பிடித்து வேலைக்குப் போனேன் என்று வினையெச்சங்களால் எத்தனை செயலையும் ஒரே வாக்கியத்தில் கோத்துவிடலாம். அந்தப் பழக்கத்தில் ஆங்கிலத்தில் எழுதும்போது முற்றுவினை கொண்ட முழு வாக்கியங்களைக் காற்புள்ளியால் ஒட்டிக்கொண்டே போகிறோம். ஆங்கிலக் காற்புள்ளிக்கு அவ்வளவு வலு கிடையாது. முற்றுப்புள்ளி வேண்டும், அல்லது 'அண்ட்' போன்ற இணைப்புச் சொல் வேண்டும். குறிகளே இல்லாத ஒரு பத்தியைக் கொடுத்து, வாக்கியம் எங்கே முடிகிறது என்று மட்டும் கண்டுபிடிக்கச் சொல்வது இதற்கு நல்ல பயிற்சி. ஓலைச்சுவடியில் இடைவெளியும் குறியும் இல்லாமல் எழுதிவந்த தமிழுக்கு, 19-ஆம் நூற்றாண்டில் ஆறுமுக நாவலர் போன்றோர் அச்சு நூல்களில் குறிகளைப் பழக்கியபோது வாசகர்கள் புதிதாகக் கற்றுக்கொண்டது வரலாறு. இது கற்கக்கூடியதே.

கற்றது நிலைக்க இடைவெளி தேவை. ஜெர்மானிய உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹாஸ் தம்மையே சோதித்து 1885-இல் வெளியிட்ட நூலிலேயே, பயிற்சியை ஒரே நாளில் கொட்டுவதைவிடப் பல நாளுக்குப் பகிர்ந்தால் உழைப்பு மிச்சமாகிறது என்று காட்டினார். செபாஸ்டியன் லைட்னர் 1972-இல் இதை ஓர் அட்டைப்பெட்டி முறையாக்கினார். சொல்லை அட்டையின் ஒரு பக்கத்திலும் பொருளை மறுபக்கத்திலும் எழுதி, சரியாகச் சொன்ன அட்டையை அடுத்த அறைக்கு நகர்த்த வேண்டும். தவறினால் அது முதல் அறைக்குத் திரும்பும். முதல் அறையை அடிக்கடி, கடைசி அறையை எப்போதாவது பார்த்தால் போதும். இன்றைய மொழிப் பயிற்சிச் செயலிகள் பலவற்றுக்குள் இயங்குவது இதே கருத்து. பழைய கல்யாணப் பத்திரிகைகளை வெட்டினாலே அட்டைகள் கிடைத்துவிடும். எழுத்துக்கூட்டலுக்கு இன்னும் எளிய வழி உண்டு: சொல்லைப் பார், மூடு, எழுது, ஒப்பிடு. 'முப்பது நாளில் ஆங்கிலம்' என்று வாக்களிக்கும் நூல்கள் தருவதைவிட இது மெதுவானது, ஆனால் தங்கும்.

ஒரு மாற்றம் தனி ஆசிரியரின் கையில் இல்லை. பாடநூல்களில் ஒவ்வொரு பாடமும் தன் இலக்கணத்தையும் தன் சொற்களையும் மட்டும் பயிற்சியில் கேட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறது. ஜூனில் படித்த ஆர்ட்டிகிள் தேர்வு வரும்வரை திரும்ப எட்டிப் பார்ப்பதில்லை. பாடநூல் ஆக்குவோர் ஒவ்வொரு பாடத்தின் முடிவிலும் முந்தைய பாடங்களிலிருந்து சில சொற்களையும் சில இலக்கணக் கேள்விகளையும் தலைப்பில்லாமல் கலந்து சேர்க்க வேண்டும். தனிப்பயிற்சிக்கும் செயலிக்கும் பணம் கட்ட வழியில்லாத அரசுப் பள்ளி மாணவருக்கு இந்த வாய்ப்பு பாடநூல் வழியாகத்தான் போய்ச் சேரும். அதற்குக் கூடுதலாகச் செலவாவது பாடத்துக்கு அரைப் பக்கம்.